பத்துக்கு எத்தனை

இரண்டு முறை கேஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன்.
இரண்டு முறையும் அதே பையன் வந்தான்,
சோப்பு நுரை தடவிக் குழாயெல்லாம் பார்த்தான்,
கசிவில்லை அம்மா என்றான்.
கேட்கவில்லையா உனக்கு, என்றேன்.
அவன் என்னைப் பார்த்த பார்வையில்தான் தெரிந்தது
கசிவது எங்கேயென்று.

மருத்துவர் கேட்டார்: பத்துக்கு எத்தனை?

வால்பரைசோ துறைமுகத்தின் எடைமேடையில்
பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவள் நான்.
லாரி திரும்பும் சத்தத்தை வைத்தே சொல்வேன்
திராட்சையா, தாமிரத் தகடா, எத்தனை டன் என்று.
இதற்கு மட்டும் எண் வரவில்லை.
ஏழு என்றேன், ஏதாவது சொல்லவேண்டுமே.
எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை, தீயணைப்பு நிலையத்தின் மாடி.
காதில் ஓயாத இரைச்சல் உள்ளவர்கள் கூடுவதற்குச்
சைரனுக்கு நேர் மேலே ஓர் அறையை
எந்தப் புண்ணியவான் பிடித்தானோ.
வாடகை கிடையாதாம், அதுதான்.

ஜூலைக் குளிரில் மின்விசிறி ஓடியது.
கோட்டைக் கழற்றாமல் ஏழெட்டுப் பேர்.
அமைதியான அறையில் இவர்களால்
உட்கார முடியாதென்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.
இவர்களால் என்றா சொன்னேன்?

யாரும் பெயர் கேட்கவில்லை.
எவுசேபியோவுக்குப் பழைய ஃபிரிட்ஜ்.
ஓர்த்தென்சியாவுக்கு வெட்டுக்கிளிகள், இடது காதில் மட்டும்.
நோல்பெர்த்தோவுக்கு ஒரு கப்பல்;
ஊதிக்கொண்டே இருக்கிறது, கிளம்பித் தொலைவதில்லை.
என்னுடையது கேஸ், என்று
உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
வாய் திறக்கவில்லை,
அன்றும், அடுத்த வியாழனும், அதற்கடுத்த வியாழனும்.
பேசு பேசு என்று யாரும் நெருக்கவில்லை.
ரொட்டித் தட்டு மட்டும்
என் முன்னாலும் ஒருமுறை நின்று
பிறகு நகர்ந்தது.

நான்காவது வாரம் கேட்டேன்.
வந்தவர் எல்லோரும் கேட்டது,
அந்த மேசைக்கே மனப்பாடமாகியிருக்கும்:
இது நிற்குமா?

ஓர்த்தென்சியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்,
இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்பவள் மாதிரி.
நிற்காது, என்றாள்.
ஓர் ஓரமாய் உட்கார்ந்துகொள்ளும்.

என்னுடையது ஒன்பது வருஷமாய் உட்காரவில்லையே,
என்று எகிறினார் எவுசேபியோ,
வந்த பெண்ணுக்குச் சும்மா ஆசை காட்டாதே.
உன் ஃபிரிட்ஜை உனக்கே பிடித்துப்போயிற்று, என்றாள் அவள்.
சண்டை எங்கெங்கோ போய்
காபி குடிக்கலாமா கூடாதா என்பதில் வந்து விழுந்தது.
என் கேள்வியை எல்லோரும் மறந்தார்கள்.
படியிறங்கும்போது கணக்குப் போட்டேன்:
பதினொரு நிமிடம்
நான் கேஸை மறந்திருந்தேன்.

செப்டம்பரில் ஒரு பையன் வந்தான்.
கேஸ் கம்பெனிப் பையன் இல்லை, ஆனால் அந்த வயது.
நனைந்த சட்டை, ஒரு கால் வாசலுக்கு வெளியே.
விசிறிப் பக்கத்து நாற்காலியைக்
காலால் அவன் பக்கம் தள்ளினேன்.
உட்காரும் முன்பே கேட்டுவிட்டான்,
அதே இரண்டு சொல்.

யாரும் பதில் சொல்லவில்லை.
ஏனென்று பார்த்தால்
எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நான் வாய் திறந்த அந்த நொடி
கீழே சைரன்.

காதைப் பொத்தினோம்; மேசை அதிர்ந்தது;
பிறகு வழக்கம்போலச் சிரித்தோம்,
கண்ணில் நீர் வருமளவு.
துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால்
வாசலில் ஈரம் மட்டும்.

எங்களைப் பார்த்துத்தான் பயந்திருப்பான்.
அல்லது சிரிப்பைத் தன்மேல் என்று நினைத்திருப்பான்.
மேடு முழுக்கத் தேடிவிட்டார் நோல்பெர்த்தோ,
பெயர் தெரியாதவனை எப்படிக் கூப்பிடுவது?
பெயர் கேட்காதது சரிதானா என்று
இப்போது அதற்கும் ஒரு சண்டை நடக்கிறது.

நான் என்ன சொல்லியிருப்பேன்?
இன்னும் தெரியவில்லை.
ஏழு என்று சொல்லியிருக்க மாட்டேன்.

விசிறிப் பக்கத்து நாற்காலியில்
யாரும் உட்காருவதில்லை.
ரொட்டித் தட்டு சுற்றி வரும்போது
அங்கேயும் ஒருமுறை நின்றுதான்
நகர்கிறது.